மார்கழி விடியலில் கார் கிளம்பாமல் அடம்பிடித்தால்

மார்கழியில் எங்கள் நீடாமங்கலம் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலுக்கு வந்தால் கோயில் ஒலிபெருக்கியோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்கும். எதிர்வரிசையில் யாரோ காரைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது "இர்ர்ர்... இர்ர்... இர்" என்று இழுத்துவிட்டு அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுக்கும், கடைசியில் வீட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், திருச்சியில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள். அவசரம் உள்ள நாளில்தான் வண்டி காலை வாரும் என்பார்கள். அவசரம் உள்ள நாளில்தானே நாம் அந்த நேரத்துக்கு வண்டியை எடுக்கிறோம்.

புதிதாகக் கார் வாங்கியவர்கள், அதிலும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் தாங்களே என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். ஒரு 10 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், ஆப்ப சோடா, டார்ச் லைட், வோல்ட் அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர். பெரும்பாலான நாட்களில் இவ்வளவு போதும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். நம்ம ஊர்க் குளிர் ஒரு காரை நிறுத்துகிற அளவுக்குக் குளிர் இல்லை. மார்கழி, தை மாத விடியலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் எந்தக் காரும் இந்தக் குளிருக்கு மறுக்காது. அப்படியானால் ஏன் மார்கழியில் மட்டும் இந்தத் தொல்லை? பேட்டரியைக் கெடுப்பது சித்திரை வெயில். பானட்டுக்குள் அந்தச் சூட்டில் பேட்டரித் தண்ணீர் வற்றுகிறது, உள்ளே இருக்கும் தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. ஆனால் கோடையில் எஞ்சின் ஆயில் இளகி இருப்பதால், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் லேசாகச் சுற்றிவிடும், பேட்டரி பாதியானது வெளியே தெரியாது. குளிர் வந்ததும் ஆயில் கெட்டிப்படுகிறது, சுற்ற அதிக பலம் தேவைப்படுகிறது; அதே நேரம் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாற்றமும் மந்தமாகி அது தரும் பலம் குறைகிறது. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய ஈரமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் பழுது சித்திரையில் தொடங்கியதா, மழையில் தொடங்கியதா, இல்லை எலியால் வந்ததா என்று தேடுவதுதான் நம் வேலை.

சாவியைப் போடும் முன்

ஏசி, விளக்கு, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். கிளட்ச்சை முழுக்க அழுத்துங்கள், கியர்பாக்ஸில் இருக்கும் கெட்டி ஆயிலைச் சுற்றும் வேலை செல்ஃப் மோட்டாருக்கு மிச்சமாகும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் பின்சீட்டுப் பக்கத்திலிருந்து மெல்லிய "ஊம்ம்" சத்தம் வந்து நிற்கும், அது பெட்ரோல் பம்ப். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து, இப்படி இரண்டு முறை விட்டபின் ஸ்டார்ட் செய்யுங்கள். இதிலேயே கிளம்பிவிடும் வண்டிகள் உண்டு, ராத்திரியில் குழாயில் இறங்கிப்போன அழுத்தம் திரும்ப ஏறிவிடுவதால். கிளம்பியதே என்று விட்டுவிடாதீர்கள், தினமும் இப்படிச் செய்தால்தான் கிளம்புகிறது என்றால் பம்பில் உள்ள வால்வோ எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ கசிகிறது என்று அர்த்தம்.

செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்தாறு விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடித்தபின் குறைந்தது அரை நிமிடம் விட வேண்டும். பதற்றத்தில் விடாமல் அடிக்கிறவர்கள்தான் இருக்கிற கொஞ்ச நஞ்ச பேட்டரியையும் தீர்த்து, செல்ஃப் மோட்டாரையும் சூடேற்றிப் புகைய வைக்கிறார்கள். அந்த அரை நிமிடத்தில், என்ன சத்தம் கேட்டது என்று யோசியுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லாம் அந்தச் சத்தத்தைப் பொறுத்தது.

இழுத்து இழுத்துச் சுற்றினால், அல்லது "டக்" என்று மட்டும் சொன்னால்

இது மின்சாரப் பக்கக் கோளாறு. பெட்ரோலையோ பிளக்கையோ தொட வேண்டாம். பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த தூள், சில வண்டிகளில் லேசான நீலம், கருவாட்டுக் கூடையின் ஓரத்தில் உப்பு ஒட்டியிருப்பது மாதிரி பூத்திருக்கும். கேபிள் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அது லூஸ்தான். கையால் அசைக்க முடிகிற கிளாம்ப் வழியாக விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது அந்த வழி அடைத்துக்கொள்ளும். "லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சுத்தம் செய்வது எளிது, வரிசை மாறாமல் செய்ய வேண்டும். சாவியை எடுத்துவிட்டு முதலில் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். ஏன் என்றால் பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால், மைனஸ் மாட்டியிருக்கும் வண்டியில் அங்கேயே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் அந்த உப்பு நுரைத்துக்கொண்டு கரையும். சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடித் துளை வழியாக உள்ளே இறங்கக் கூடாது, அமிலத்தையே கெடுத்துவிடும். துடைத்துக் காயவைத்து, கிளாம்ப்பின் உட்புறத்தையும் பேட்டரிக் குமிழையும் உப்புத்தாளால் பளபளவென்று ஆகும்வரை உரசி, இறுக்கி மாட்டி, மேலே வாசலினோ கிரீஸோ தடவுங்கள். தடவிவிட்டு மாட்டாதீர்கள், மாட்டிவிட்டுத் தடவுங்கள்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியாக இருந்தால் தண்ணீர் அளவைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம். அமிலம் ஊற்றவே கூடாது.

இப்போது மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து விளக்கெல்லாம் எரியும் முன்பே பார்த்தால் சரியான கணக்கு கிடைக்கும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் அது காலி மாதிரிதான். அடுத்து ஒருவரை உள்ளே உட்காரவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் பலம் இல்லை. 12.6 காட்டிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று சரிகிற பேட்டரியை எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் பிரயோஜனமில்லை, அதன் ஆயுள் முடிந்தது. மூன்று முதல் ஐந்து வருடம் நம்ம ஊர் வெயிலில் ஒரு பேட்டரி உழைத்தால் அது நியாயமான உழைப்பு. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். சில புதிய வண்டிகளில் இது ஏறி இறங்கும், ஆனால் எப்போதுமே 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும்.

இதில் யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது, பேட்டரியின் மைனஸை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிள். வேதாரண்யத்தில் என் மாமா வீட்டு வண்டி இரண்டு மார்கழியாகப் படுத்தியது. முதல் வருடம் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். அடுத்த வருடம் செல்ஃப் மோட்டாரை இறக்கச் சொன்னார்கள், இறக்கி ஏற்றினார். அப்படியும் அதே இழுப்பு. "ஏம்ப்பா, உப்புக்காத்து பட்ட வண்டின்னா இப்படித்தானா?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழிலும் இன்னொரு முனையை எஞ்சின் மேலுள்ள வெறும் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட் காட்டினாலே வழியில் தடை இருக்கிறது என்று பொருள். அது 2 வோல்ட்டைத் தாண்டியது. அதாவது பேட்டரி கொடுத்ததில் ஒரு பங்கு செல்ஃபுக்குப் போகாமல் அந்த ஒரே இணைப்பில் சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது. எர்த் கேபிள் பாடியில் மாட்டும் போல்ட்டைக் கழற்றியபோது மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வாஷருக்கு அடியில் பார்த்தால் துரு தோல் தோலாக உரிந்து வந்தது. உப்புத்தாளால் கால் மணி நேரம் தேய்த்தோம். மாமா சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிய வேகத்தில் அவரே ஒரு கணம் கையை எடுத்துவிட்டார். உப்பளம் பக்கம், நாகப்பட்டினம், கோடியக்கரை வரைக்கும் கடல் காற்று படும் இடத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

நின்றே கிடக்கும் வண்டிகள்

மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும், பொங்கலுக்கு வந்து எடுத்தால் மூச்சே இருக்காது. வீட்டில் இருக்கும் அப்பா வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துத்தான் இருப்பார். அது நல்ல எண்ணம், ஆனால் பேட்டரிக்குக் கெடுதல்தான். ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜை, நின்ற இடத்தில் ஐந்து நிமிட ஓட்டம் திருப்பித் தராது. வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆள் இல்லை என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது மேல். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால் நீண்ட நாள் நிறுத்தும் வண்டியின் டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

ஷெட் என்றதும் இன்னொன்று. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. உயிருக்கே ஆபத்து. வண்டியை வெளியே தள்ளிவிட்டு எதையும் செய்யுங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால்

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருள், பொறி பக்கம் வாருங்கள். அதற்கும் முன்னால் டார்ச்சை எடுத்து எஞ்சின் மேலே, பேட்டரிக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பாருங்கள். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் வயல் எலிகளுக்கு இருக்க இடம் போய்விடும், நம் பானட்டுக்குள் சூடு இருக்கும், வந்து படுத்துக்கொள்ளும். வைக்கோல் துணுக்கு, நெல் உமி, புழுக்கை கிடந்தால் வயரைக் கடித்திருக்கிறது என்று முடிவு செய்து ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கடித்த இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். டேப் சுற்றி ஒப்பேற்றுவது அன்றைக்கு மட்டும்தான். தை முழுக்க வயலை ஒட்டி நிறுத்தாமல், ராத்திரியில் பானட்டைத் திறந்து வைத்தால் எலி தங்குவது குறையும்.

டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தால் சாவியைக் கார் அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியால் முயன்று பாருங்கள்.

பெட்ரோல் வண்டியில் அடுத்தது ஸ்பார்க் பிளக். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள், மரை போய்விடும். கழற்றிய பிளக்கின் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. பெட்ரோல் நனைந்து ஈரமாக இருந்தால் எஞ்சினில் பெட்ரோல் தேங்கிவிட்டது, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியபடி ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள், இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் அப்போது பெட்ரோல் வருவது நின்று காற்று மட்டும் போய் எஞ்சின் காயும். புது பிளக்கை முதலில் விரலால் மரையில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர் வைக்க வேண்டும். பழைய வண்டிகளில் பிளக் வயர்கள் ஈரத்தில் மின்சாரத்தைக் கசியவிடும். இருட்டில் பானட்டைத் திறந்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், வயரின் மேல் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

காலையில் மட்டும் மறுக்கிறது, சூடானபின் ஒரு தொல்லையும் இல்லை, பிளக்கும் புதிது என்றால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று அது தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து அனுப்பும். இதை ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் காட்டுவதுதான் வழி.

சோக் உள்ள கார்ப்பரேட்டர் வண்டி இன்னும் வைத்திருப்பவர்கள் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை ஒருமுறை மெதுவாக மிதித்துவிட்டு, பிறகு அதைக் காலால் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். கார்ப்பரேட்டர் வாயில் பெட்ரோலை நேராக ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், எஞ்சின் திருப்பி வெடித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் எரிகிறது. அந்தச் சூட்டுக்கு உதவத்தான் ஹீட்டர் பிளக். டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணையும், அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலில் வெள்ளைப் புகை விட்டு, ஒரு பக்கமாக நொண்டிக்கொண்டு ஓடி, ஒரு நிமிடத்தில் சரியாகிறது என்றால் ஹீட்டர் பிளக்கில் ஒன்றிரண்டு போயிருக்கலாம். வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் பார்த்தால் நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும், போன பிளக் ஒன்றுமே காட்டாது. இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. டீசல் ஃபில்டரின் மேல் கைப் பம்ப் இருந்தால் காலையில் அதை நான்கைந்து முறை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால் எங்கோ குழாய் இணைப்பில் காற்று புகுந்து ராத்திரியில் டீசல் டேங்க்குக்குத் திரும்பிப் போகிறது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீர் முதலில் வரும், டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்வது நல்லது.

அப்புறம் ஆயில். டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் போட்டிருக்கும். முதல் எண் சின்னதாக இருந்தால் குளிரில் லேசாக ஓடும். வண்டிக் கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கும்போது விலை குறைவு என்று கெட்டி ஆயிலை ஊற்றினால் விடியற்காலையில் செல்ஃப் திணறத்தான் செய்யும்.

அவசரத்துக்கு

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கரண்ட் எடுப்பதானால் இரண்டு வண்டியும் 12 வோல்ட்டா என்று பார்த்து, ஒன்றை ஒன்று தொடாமல் நிறுத்துங்கள். சிவப்பு கேபிளை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையைப் படுத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் சிறு பொறி வரும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் தள்ளி மாட்டச் சொல்கிறேன். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கையால் கியர் போடும் வண்டிக்கு மட்டும், ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை அழுத்திக்கொண்டு தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி அழுத்த வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி இருக்கும், அதனால் வாய்க்கால் கரையில் தள்ள வேண்டாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

பொங்கல் லீவில் ஊட்டிக்குப் போகிறவர்கள் ரேடியேட்டரில் இருப்பது கூலன்ட்டா வெறும் தண்ணீரா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். இங்கே தண்ணீரில் ஓடிவிடும். அங்கே உறைபனி விழும் இரவில் தண்ணீர் உறைந்தால் விரிவடைந்து ரேடியேட்டரையே பிளந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "வண்டி ஸ்டார்ட் ஆகலைண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "செல்ஃப் நல்லா அடிக்குது, பேட்டரி அடிக்கும்போது 10.5 காட்டுது, எர்த் பார்த்துட்டேன், பம்ப் சத்தம் வரலை" என்று சொல்லுங்கள். அவர் வரும்போதே பெட்ரோல் பம்ப் ரிலேயும் பியூஸும் பையில் எடுத்துக்கொண்டு வருவார்.